லூயி பாஸ்டர்: கள்ளுக் கலயம் முதல் சானிட்டைசர் புட்டி வரை – வீட்டில் புளிக்க வைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம்

சிரம்பானிலோ ரந்தாவிலோ பகாவிலோ இருக்கும் உங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு கண்ணாடி ஜாடிக்குள் கொம்புச்சா புளித்துக் கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டு மக்சிக் தாப்பாய் செய்து கொடுத்திருக்கலாம். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு இஞ்சி பீர் போட்டுப் பார்க்கலாமா என்றும் யோசித்திருப்பீர்கள்.

அந்த வீடியோக்கள் எல்லாமே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லும்: பாத்திரத்தை முதலில் சானிட்டைஸ் செய்யுங்கள். உடனே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கிருமியைக் கொல்லுகிற மருந்தை ஊற்றிக் கழுவின பாத்திரத்திலேயே குடிக்கிற பொருளைச் செய்தால், அந்த மருந்து நம்ம வயிற்றுக்குள் போகாதா?

நியாயமான சந்தேகம்தான். இதற்குப் பதில் தேடினால், 1895-ல் இறந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் போய் நிற்போம். அவர் பெயர் லூயி பாஸ்டர். பால் பாக்கெட்டில் 'பாஸ்டரைஸ்டு' என்று இருக்கிறதே, அந்தச் சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி, தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு ரொம்பவே பழக்கமான ஒன்று.

தோட்டத்துக்குத் தெரிந்த ரகசியம்

தென்னம் பாளையைச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டுகிறார்கள். உள்ளே சொட்டும் சாறு முதலில் வெறும் இனிப்பு நீர்தான். சில மணி நேரத்தில் அது நுரைக்க ஆரம்பிக்கும். ஒரு நாளுக்குள் கள்ளாகிவிடும். அப்படியே விட்டால் வினிகர் மாதிரி புளித்துவிடும். யாரும் எதையும் சேர்க்கவில்லை. அப்புறம் எப்படி மாறுகிறது?

காரணம் தெரியாவிட்டாலும், தடுக்கும் வழி நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டுப் பனையேறிகள் பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் நுரைக்க வைக்கும் உயிர்கள் வளர முடியாது. சாறு இனிப்பாகவே நிற்கும். யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு ரசாயன சானிட்டைசர்தான்! அளவோடு தடவ வேண்டும், தெளிந்த பிறகு இறுத்துக் குடிக்க வேண்டும். பாதுகாப்பு விதியும் அதிலேயே இருக்கிறது.

பால் வெட்டும் வேலையிலும் இதே கதைதான். மங்கில் சேரும் ரப்பர் பாலைக் கவனிக்காமல் விட்டால், கிருமிகள் பெருகி அது தானாகவே உறைந்து நாற்றமடிக்கும். அதனால்தான் மங்கையும் வாளியையும் சுத்தமாக வைக்கச் சொன்னார்கள். பால் உறையாமல் இருக்க அமோனியா, உறைய வைத்து ஷீட் போட ஃபார்மிக் அமிலம். இந்த இரண்டு பெயரையும் மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27 அன்று, பிரான்சின் ஜூரா பகுதியில் உள்ள டோல் என்ற ஊரில். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பிறகு ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், ஊர் முழுக்க ஒயின் வாசம். புளிக்கும் தொட்டிகளைப் பார்த்தே வளர்ந்த பையன் அவர்.

படித்தது வேதியியல். 1848-ல், 25 வயதில், ஒயின் தொழிலில் கிடைக்கும் ஒரு வகை அமிலத்தின் படிகங்களை ஆராய்ந்து பெயர் வாங்கினார். அடுத்த ஆண்டு மாரி லோரான் என்பவரை மணந்தார். கணவரின் குறிப்புகளை எழுதிக் கொடுத்து, ஆய்வுப் பேச்சுகளில் பங்கெடுத்து, கடைசி வரை கூடவே உழைத்தவர் மாரி.

1854-ல் லீல் நகரத்தில் அறிவியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். இரண்டு ஆண்டு கழித்து, பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் தயாரிக்கும் ஓர் ஆலை முதலாளி அவரிடம் உதவி கேட்டு வந்தார். சில தொட்டிகளில் ஆல்கஹாலுக்குப் பதில் புளித்த குழம்பு மாதிரி ஏதோ வருகிறது, நஷ்டம் தாங்க முடியவில்லை என்பது அவர் பிரச்சினை.

பாஸ்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போனார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட்டுகள் தெரிந்தன. கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு உயிர்கள். புளிப்பது வெறும் ரசாயன மாற்றம் என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பிய காலம் அது. புளிக்க வைப்பது உயிர்தான், எந்த உயிர் உள்ளே நுழைகிறதோ அதற்கேற்ற பொருள்தான் கிடைக்கும் என்று அவர் நிறுவத் தொடங்கினார்.

அந்த உயிர் எங்கிருந்து வருகிறது? சாற்றுக்குள்ளேயே தானாக முளைக்கிறதா? அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த குழாய் வைத்த குடுவையில் சத்து நீரைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகும், ஆனால் தூசு வளைவில் தங்கிவிடும். நீர் கெடவில்லை. கழுத்தை உடைத்தால் கெட்டுப்போனது. கெடுக்கும் உயிர் வெளியிலிருந்துதான் வருகிறது என்பது தெளிவானது. 1862-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இதற்காக அவருக்குப் பரிசு கொடுத்தது.

உங்கள் கொம்புச்சா ஜாடியை ஏன் துணி போட்டு மூடுகிறீர்கள் என்பதற்கான விடை அந்தக் குடுவையில் இருக்கிறது.

மருந்து வேண்டாம், சூடு போதும்

1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், பிரெஞ்சு ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாஸ்டர் தன் சொந்த ஊரான ஆர்புவாவுக்கே போய்ச் சின்ன ஆய்வகம் போட்டார். ஒயினைக் கெடுக்கும் உயிர்களை அடையாளம் கண்டார். அடுத்த கேள்வி, அவற்றை எப்படிக் கொல்வது?

அவர் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது சூட்டை. மூடிய புட்டியில் ஒயினைச் சுமார் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சற்று நேரம் சூடாக்கினாலே போதும் என்று கண்டார். 1865-ல் அந்த முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஏன் இது முக்கியம்? ரசாயனம் கிருமியைக் கொன்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். சூடு கொன்றுவிட்டு ஆறிப்போய்விடும், எதையும் விட்டுவைக்காது. 1878-ல் மருத்துவர்களிடம் பேசும்போதும் அவர் இதையே வற்புறுத்தினார். கருவிகளைத் தீயில் காட்டி எடுக்க வேண்டும், 110 முதல் 120 டிகிரி வரை சூடாக்கிய தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் ஏறும் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான்.

வீட்டுக்குள் வந்த மரணம்

ஆய்வகத்தில் வெற்றி வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் வீட்டில் சாவு மேல் சாவு. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். மூத்த மகள் ஜான் 1859-ல் டைஃபாய்டில் இறந்தாள், வயது ஒன்பது. 1865-ல் இரண்டு வயது கமில். 1866-ல் பன்னிரண்டு வயது செசில், மறுபடியும் டைஃபாய்டு. அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் பரவும் நோய் அது.

கண்ணுக்குத் தெரியாத கிருமி அவருக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளாக இருந்திருக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் தட்டையும் தம்ளரையும் உற்றுப் பார்த்துத் துடைப்பார், கைகுலுக்கத் தயங்குவார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1868-ல், 45 வயதில், பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் கடைசி வரை சரியாகவில்லை. இருந்தும் வேலையை விடவில்லை.

1870-ல் பிரான்ஸ் ஜெர்மானியப் படைகளிடம் தோற்றது. அந்தக் கோபத்தில், ஜெர்மன் பீரைவிட நல்ல பீர் தயாரிக்க பிரான்சுக்கு உதவ வேண்டும் என்று கிளம்பினார். 1871-ல் லண்டன் போய் விட்பிரெட் மது ஆலையைப் பார்த்தார். அவர்களுடைய ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே, அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைக் கண்டு சொல்லிவிட்டார். பீரின் ருசி சரியில்லை என்பது ஆலைக்காரர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அடுத்த முறை அவர் போனபோது, ஆலையில் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள். பீர் பற்றிய அவருடைய புத்தகம் 1876-ல் வந்தது. இன்றைக்கு வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் சுத்தம் சுத்தம் என்று சொல்வதற்கு அடித்தளம் அதுதான்.

கிருமிநாசினி வந்த கதை

அப்படியானால் ரசாயனம் எப்போது வந்தது? கிருமிக் கொள்கைக்கு முன்பே வந்துவிட்டது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டில் கை வைப்பதற்கு முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார்கள் இறக்கும் விகிதம் ஏறக்குறைய 18 சதவீதத்திலிருந்து சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்தச் சுண்ணாம்பின் உறவுதான், கால்வாய் ஓரம் நாம் தூவும் பிளீச்சிங் பவுடர்.

பாஸ்டரின் ஆய்வைப் படித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசஃப் லிஸ்டர், 1865-ல் கார்பாலிக் அமிலத்தைக் காயத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். சீழ் பிடித்துச் சாவது குறைந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. மருத்துவர்களின் கைத்தோல் வெடித்தது. காற்றில் அதைத் தெளித்தபோது மூச்சு எரிந்தது. பின்னாளில் அந்தத் தெளிப்பானை லிஸ்டரே கைவிட்டார்.

கிருமியின் உயிரணுவை உடைக்கும் பொருள், உங்கள் உயிரணுவையும் தொட்டுப் பார்க்காமல் விடாது. பாதுகாப்பு என்பது மருந்தின் பெயரில் இல்லை. அளவு, நேரம், மிச்சம் என்ற மூன்றில்தான் இருக்கிறது.

இன்று உங்கள் சமையலறையில்

முதலில் கழுவுவது வேறு, சானிட்டைஸ் செய்வது வேறு. அழுக்கு ஒட்டியிருந்தால், குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசின பிறகுதான் சானிட்டைசர்.

வீட்டு பிளீச்: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 4 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. வாசனை சேர்க்காத பிளீச் மட்டும். ஒன்றிரண்டு நிமிடம் வைத்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிவிடுங்கள். மிச்சமிருந்தால் பானத்தில் மருந்து வாடை அடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தையும் அது அரிக்கும்.

அமில சானிட்டைசர்: பாஸ்பாரிக் அமிலம் கலந்த, அலசத் தேவையில்லாத வகை இது. வழக்கமான கலவை ஒரு லிட்டருக்கு சுமார் 1.5 மில்லி. இந்த அளவில் மிஞ்சும் நுரை பானத்தோடு சேர்ந்தாலும் பயமில்லை. ஆனால் புட்டியில் உள்ள கலக்காத திரவம் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். அளவைக் கூட்டினால் கூடுதல் சுத்தம் வராது, அலசாமல் விடும் சலுகைதான் போய்விடும்.

அயோடின் வகை: பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின் இருக்கும்படி கரைப்பார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிய விட வேண்டும். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்ப்பது நல்லது.

மெட்டாபைசல்ஃபைட்: ஒயின் தயாரிப்பவர்கள் பயன்படுத்துவது. அதிலிருந்து எழும் கந்தக வாயு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை வரவழைக்கலாம்.

இப்போது அந்த இரண்டு பெயர்களுக்கு வருவோம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர் சேர்த்தாலும் அப்படித்தான். பிளீச்சோடு அமோனியா சேர்ந்தால் குளோராமின் வாயு வரும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நச்சு. தோட்டத்தில் ஃபார்மிக் அமிலமும் அமோனியாவும் வைத்திருந்த கேன்கள் வீட்டுக்கு வருவது புதிதல்ல. கழுவிவிட்டோம் என்று நினைத்து அதில் பிளீச் ஊற்றாதீர்கள்.

களைக்கொல்லி வந்த கேனை எந்த சானிட்டைசரும் சரிசெய்யாது. மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்த பாராகுவாட், கொஞ்சம் உள்ளே போனாலே உயிரைக் குடிக்கக்கூடியது. பழைய கேன் எங்காவது கிடந்தால், அதைப் புளிக்க வைக்கவோ தண்ணீர் பிடிக்கவோ பயன்படுத்தவே கூடாது. உணவுக்கான பாத்திரம் என்று தெரிந்ததை மட்டும் எடுங்கள்.

சானிட்டைசரால் முடியாதவை

தோட்டப்புறத்துக்கும் மதுவுக்கும் உள்ள உறவு வேதனையானது. கூலி வாங்கும் நாளில் கள்ளுக்கடை காத்திருக்கும். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளைவிட ஆபத்தாக இருந்தது சம்சு என்ற மலிவுச் சாராயம்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மெத்தனால் கிருமி அல்ல, ரசாயனம். பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். பாத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது போகாது. கொதிக்க வைத்தும் நம்ப முடியாது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. கை கழுவும் சானிட்டைசரைக் குடிப்பதும் இதே கதைதான். 2020-ல் பெருந்தொற்று நேரத்தில் சில சானிட்டைசர்களிலேயே மெத்தனால் கண்டுபிடிக்கப்பட்டது.

வீட்டில் சாராயம் வடிப்பதும், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் நம் நாட்டில் குற்றம். மது வாங்கவே 21 வயது ஆகியிருக்க வேண்டும். கொம்புச்சா, தயிர், ஊறுகாய் போன்றவற்றுக்கும் மேலே சொன்ன சுத்த விதிகள் அப்படியே பொருந்தும்.

நெகிரி செம்பிலானுக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. 1998-99-ல் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைப் புரட்டிப் போட்ட வைரஸ், சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. இங்கே அது பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவியது. வங்காளதேசத்திலோ, வௌவால் எச்சில் பட்ட பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கு அதே நிப்பா வந்திருக்கிறது. கலயத்தை எவ்வளவு கழுவினாலும், மரத்திலேயே சாறு அசுத்தமானால் என்ன செய்வது? மூடி போட்டுக் காப்பதும், சாற்றைக் கொதிக்க வைப்பதும்தான் வழி. மறுபடியும் பாஸ்டரின் குடுவை, பாஸ்டரின் சூடு.

கறையும் புகழும்

1885 ஜூலையில், வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டருக்கு பாஸ்டரின் ஏற்பாட்டில் தடுப்பூசி போடப்பட்டது. பையன் பிழைத்தான், பாஸ்டர் உலகப் புகழ் பெற்றார். 1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1907-ல் தமிழ்நாட்டின் குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. 1895 செப்டம்பர் 28 அன்று, 72 வயதில் அவர் காலமானார்.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. தன் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்டக் கூடாது என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவை வெளியே வந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 1881-ல் ஆடுமாடுகளுக்குப் போட்டுக் காட்டிய ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி, மக்கள் நினைத்த முறையில் தயாரானது அல்ல. அது உதவியாளர் ஒருவரின் முறைப்படி பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனம் சேர்த்துச் செய்தது. ஊசி வேலை செய்தது உண்மை. உள்ளே என்ன இருந்தது என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

அதனால் அவருடைய வெற்றியிலிருந்து மட்டும் பாடம் எடுக்காதீர்கள், இந்தக் கறையிலிருந்தும் எடுங்கள். புட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்த அளவில், எதற்காக என்று லேபிளில் எழுதாத எதையும் உங்கள் ஜாடிப் பக்கம் கொண்டு வராதீர்கள். சூட்டால் முடியும் என்றால் சூடு. முடியாத இடத்தில், அளந்து ஊற்றிய மருந்து. இரண்டு மருந்தை ஒருபோதும் கலக்காதீர்கள். ஜாடியில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கொட்டிவிடுங்கள்.